மிளகாய் ஸ்பிரேயை நம்ப வேண்டாம். நாற்காலியும் தாழ்ப்பாளும் அழைப்பு மணியும் பேசட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டிலிருக்கும் பொருள்களைக் கொண்டே பெண்களும் முதியவர்களும் தற்காத்துக்கொள்வது எப்படி என்று தங்கள் நாளிதழின் இணைப்பில் அண்மையில் ஒரு குறிப்பு வந்திருந்தது. மிளகாய்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம், சாவிகளை விரலிடுக்கில் செருகிக் குத்தலாம், கரப்பான் மருந்தை முகத்தில் அடிக்கலாம் என்று மூன்று யோசனைகள். வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றிவரும் அதே மூன்றுதான். ஆனால் அச்சில் வந்துவிட்டால் அதற்குத் தனி மரியாதை. ‘பேப்பர்லயே போட்டிருந்தாங்க’ என்று சொல்லிச் செய்து வைத்துக்கொள்வார்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறோம். இந்த மூன்றும் அவசரத்தில் காலை வாரிவிடும்; வைத்திருப்பவரையே காயப்படுத்தவும் செய்யும். உண்மையில் கைகொடுக்கிற பொருள்கள் அதே வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

முதலில் மிளகாய். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பாட்டிலைக் குலுக்கினால் ஒரு நிமிஷம் செக்கச்செவேலென்று இருக்கும். பைக்குள் அரை மணி நேரம் கிடந்தால் பொடி அடியில் சேறாகப் படிந்துவிடும். மேலே நிற்பது நிறம் ஏறிய தண்ணீர்தான். பாட்டிலுக்குள் இருக்கும் குழாய் அடிவரை போவதால், அழுத்தியதும் முதலில் உறிஞ்சுவது அந்தச் சேற்றை. தெளிக்கும் மூக்கின் துளை ஊசிமுனை அளவு. மில்லில் அரைத்த பொடியின் ஒரு திப்பி போதும், அடைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் சொட்டுச் சொட்டாக விரலில்தான் வழியும். துணியில் வடிகட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வடிகட்டினால் பொடியோடு காரமும் துணியிலேயே தங்கிவிடும். நாலைந்து நாளில் அந்தத் தண்ணீர் ஊசிப்போய் நாறவும் தொடங்கும்.

அடைக்காமல் தெளித்தாலும் அது எங்கே போகிறது என்பது அடுத்த சிக்கல். திறந்த தெருவில் எதிர்க்காற்று அடித்தால் அடித்தவர் கண்ணில்தான் விழும். ஆட்டோவுக்குள், லிப்ட்டுக்குள், மின்விசிறி சுற்றும் அறைக்குள் இருவருக்கும் சமபங்கு. அப்போது வலுவான ஆள் கண்ணை மூடிக்கொண்டே பிடியை இறுக்குவான். தப்பிக்க வேண்டியவருக்கோ கதவு எந்தப் பக்கம் என்றே தெரியாது. மூடி சரியாக மூடாத பாட்டில் பைக்குள் கசிந்து, குழந்தை அந்தப் பையில் மிட்டாய் தேடிய கையால் கண்ணைக் கசக்குவதும் நடக்கக்கூடியதுதான். ‘மிளகாய்ப் பொடி தூவி நகை பறிப்பு’ என்ற தலைப்பு தங்கள் பக்கங்களிலேயே அடிக்கடி வருகிறது. ஒளிந்து நின்று, காற்றுப் பார்த்து, முதலில் தூவுகிறவனுக்கு அது உதவும். திடுக்கிட்டு நிற்கிறவருக்கு உதவாது.

ஆகவே வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, மிளகாய் கண்ணில் விழுந்தால் செய்ய வேண்டியதை. கையால் கசக்கவே கூடாது. காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால், கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அதை முதலில் எடுத்துவிட வேண்டும். தலையை ஒரு பக்கம் சாய்த்து, மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து காதுப் பக்கமாக வழிகிற மாதிரி சுத்தமான தண்ணீரை மெல்லிய ஓட்டமாக 15 நிமிஷம் விட வேண்டும். இடையிடையே கண்ணைச் சிமிட்ட வேண்டும். இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. எரிச்சல் குறைந்தது போலிருந்து மறுபடி ஏறும். தோலில் பட்ட இடத்தில் வெறும் தண்ணீர் பயனில்லை. சமையல் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் இரண்டு மூன்று முறை கழுவினால் அடங்கும். எண்ணெயைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. கழுவிய பிறகும் பார்வை மங்கலாக இருந்தாலோ வலி குறையாவிட்டாலோ கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

கடையில் விற்கும் பெப்பர் ஸ்பிரே இதைவிட எவ்வளவோ மேல். அது அழுத்தமேற்றிய புட்டி, மருந்து கரைந்த நிலையில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் புட்டியின் அடியில் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். நாள்பட்டால் அழுத்தம் இறங்கிவிடும். வாங்கியதும் வெட்டவெளியில் காற்று போகிற திசையில் அரை வினாடி ஒருமுறை அடித்துப் பார்த்துவிட வேண்டும். பாதுகாப்புப் பூட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று கட்டைவிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் வாய்ச்சண்டையில் எடுக்கிற பொருளல்ல. 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு தகராறு வழக்கில் பெப்பர் ஸ்பிரேயை ஆபத்தான ஆயுதம் என்றே குறிப்பிட்டு, அதை அடித்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது.

சாவி விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வீட்டுச் சாவி ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டு, ஒரு தலையணையை அல்ல, அரிசி மூட்டையை ஒருமுறை மெதுவாகக் குத்திப் பாருங்கள். சாவி பக்கவாட்டில் புரண்டு விரலிடுக்குத் தோலைக் கிழிக்கப் பார்க்கும். வேகமாகக் குத்தினால் விரலே முறியும். அதற்குப் பிறகு அந்தக் கையால் கதவைத் திறக்க முடியாது. சாவியின் உண்மையான பயன் வேறு. தெரு முனையிலேயே பையிலிருந்து எடுத்து, கதவைத் திறக்கப் பிடிக்கிற மாதிரியே பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு வந்தால் வாசலில் பையைத் துழாவிக்கொண்டு நிற்கிற அந்த அரை நிமிஷம் மிச்சம். முதுகைத் தெருவுக்குக் காட்டிக் குனிந்து நிற்கிற அந்த நேரம்தான் மிகவும் ஆபத்தானது.

கரப்பான் மருந்து ஆளை உடனே முடக்காது. ஆனால் எரியக்கூடிய வாயுவில் அடைத்து வருவதால், அடுப்பெரியும் சமையலறையில் அடித்தால் புடவையில் தீப்பிடிக்கும். சென்ட் புட்டியையும் லைட்டரையும் சேர்த்துச் சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது? கொதிக்கும் எண்ணெயும் அப்படியே, பாதி தன் கையில்தான் ஊற்றும். கழிவறை ஆசிட்டை வீசி ஒருவரைக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 124-ஆம் பிரிவில் குறைந்தது 10 ஆண்டு சிறை, வீச முயன்றாலே குறைந்தது 5 ஆண்டு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். கத்தியும் வேண்டாம். பழக்கமில்லாத கையிலிருந்து அது பறிபோவது எளிது, பறிபோன பிறகு, அதுவரை எதிரியிடம் இல்லாத ஒரு ஆயுதம் அவன் கையில் வந்துவிடும்.

இனி உதவுகிற பொருள்கள். 2019 ஆகஸ்டில், அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கடையம் அருகே, இரவில் வாசலில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தில் பின்னாலிருந்து துணியைப் போட்டு இறுக்கினான் முகமூடி போட்டவன் ஒருவன். கூட இன்னொருவன், கையில் அரிவாள். சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் மனைவி முதலில் செருப்பை வீசினார், பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்தார். பிடியிலிருந்து விடுபட்டதும் கணவரும் நாற்காலியை எடுத்தார். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. நகை பறிபோனது, அம்மையாருக்குக் கையில் காயம். ஆனாலும் கொள்ளையர் வீட்டுக்குள் கால் வைக்க முடியாமல் ஓடினார்கள். அந்த ஆண்டு சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அந்தத் தம்பதிக்கு வீரதீரச் செயலுக்கான சிறப்பு விருது கொடுத்தது. எல்லோரும் அவர்கள் துணிச்சலைப் பாராட்டினோம். நாற்காலி அங்கே என்ன வேலை செய்தது என்பதைத்தான் பார்க்கத் தவறிவிட்டோம்.

கைப்பிடி வைத்த சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியின் எடை இரண்டு மூன்று கிலோதான். வயதானவரும் தூக்கலாம். முதுகுச் சாய்மானத்தை ஒரு கையாலும் இருக்கையின் ஓரத்தை மறு கையாலும் பிடித்து, நான்கு கால்களும் எதிராளியைப் பார்க்கும்படி மார்பு உயரத்தில் நீட்டினால், கையின் நீளமும் நாற்காலியின் நீளமும் சேர்ந்து நாலடி தூரம் கிடைக்கும். அரிவாள் வீசுகிறவன் அந்த நாலடியைத் தாண்டித்தான் வர வேண்டும். வீச்சு கால்களில் மோதித் திசை மாறும். ஒரு தடியை எதிராளி எட்டிப் பிடித்து இழுத்துவிடலாம். நான்கு கால் நீட்டிக்கொண்டிருக்கும் பொருளில் எதைப் பிடிப்பது என்றே தெரியாது, ஒன்றைப் பிடித்தால் மற்றது முகத்தில் இடிக்கும்.

இதில் கெடுவது எங்கே என்றால், தலைக்கு மேல் தூக்குவதில். தூக்கினால் வயிறும் விலாவும் திறந்துவிடும், கூடத்தில் மின்விசிறியில் மாட்டும். வீசி எறிவதும் கடைசி நாற்காலி கையில் இருக்கும்வரைதான் சரி, அந்தக் கடைசி ஒன்றை எறியக் கூடாது. அதை முன்னே நீட்டியபடியே, முன்னால் பாயாமல், தாழ்ப்பாள் உள்ள அறையை நோக்கிப் பின்னால் நகர வேண்டும். வாசற்படி எங்கே என்று கால் தெரிந்து வைத்திருக்க வேண்டும்; பின்னால் நகர்கிறவர்கள் விழுவது பெரும்பாலும் படியில்தான். வருஷக்கணக்காக வெயிலில் கிடந்த நாற்காலி வெளுத்து மொறுமொறுத்துப் போயிருக்கும். காலை இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். படக்கென்று சத்தம் கேட்டால் அது உட்காரவும் லாயக்கில்லை. வாசலில் இரண்டு நல்ல நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் தனித்தனியாகப் போட்டு வைக்க வேண்டும். அடுக்கியவை ஒன்றோடொன்று இறுகிக்கொண்டு அவசரத்தில் பிரியாது.

அடுத்தது சத்தம். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இதைவிடச் சிறந்த காவல் இல்லை. எவர்சில்வர் தாம்பாளமும் கரண்டியும் போதும் என்பது உண்மைதான், ஆனால் படுக்கையில் விழுந்து கிடப்பவரோ கழுத்தைப் பிடிக்கப்பட்டவரோ தாம்பாளம் தட்ட முடியாது. எலெக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வயர்லெஸ் காலிங் பெல்லை இதற்குத் திருப்பிப் பயன்படுத்தலாம். மணி அடிக்கும் பெட்டியைப் பக்கத்து வீட்டில் வையுங்கள், பொத்தானைப் பெரியவர் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். அழுத்தினால் பக்கத்து வீட்டில் மணி அடிக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு.

செய்து பார்த்தால்தான் இதில் சிக்கல்கள் தெரியும். அட்டைப்பெட்டியில் 100 மீட்டர் 150 மீட்டர் என்று போட்டிருப்பது தடையே இல்லாத வெளிக்கு. இடையில் இரண்டு செங்கல் சுவர் வந்தால் 20, 30 மீட்டராகச் சுருங்கிவிடும். கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வந்தால் அதிலும் பாதி. ஆகவே வாங்கியவுடன் படுக்கை, குளியலறை, கொல்லைப்புறம் என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் அழுத்தி, பக்கத்து வீட்டில் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். குளியலறையிலிருந்து கேட்கவில்லை என்றால் பெட்டியை நம் பக்கத்துச் சுவர் ஓரமுள்ள பிளக்கிற்கு மாற்றச் சொல்லலாம். கரண்ட்டில் செருகும் பெட்டி மின்வெட்டில் ஊமையாகிவிடும். பேட்டரியில் ஓடுவதாக வாங்க வேண்டும், அல்லது இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் செருக வேண்டும். பெட்டியில் பல ராகங்கள் இருக்கும். அந்தத் தெருவில் எந்த வீட்டு வாசலிலும் கேட்காத ராகமாகத் தேர்ந்தெடுத்து, ‘இது அடித்தால் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பதில் வராவிட்டால் 112 என்ற அவசர உதவி எண்ணுக்கு போன் போடுங்கள், தனியாக உள்ளே நுழையாதீர்கள்’ என்று பக்கத்து வீட்டில் எல்லோருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சேர்த்து, சொல்லி வைக்க வேண்டும்.

பொத்தானைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போடக் கூடாது. அந்தக் கயிற்றையே பிடித்து இறுக்கலாம். மணிக்கட்டில் எலாஸ்டிக்கில் கட்டலாம், இரவில் தலையணை உறைக்குள் வைக்கலாம். புரண்டு படுக்கும்போது தானாக அழுந்தி நடுராத்திரியில் பக்கத்து வீட்டை எழுப்பிவிட்டால் இரண்டாம் தடவைக்கு அவர்கள் பெட்டியைக் கழற்றிவிடுவார்கள், இந்த ஏற்பாடு குலைவது அநேகமாக இப்படித்தான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் பாட்டில் மூடியின் மேல்தட்டை வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சும் வளையத்தைப் பொத்தானைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். பொத்தான் பள்ளத்துக்குள் போய்விடும். விரலை வேண்டுமென்றே நுழைத்து அழுத்தினால்தான் அடிக்கும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளில் தேய்க்காவிட்டால் கையைக் கீறும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒருமுறை அழுத்திப் பார்க்கிற வழக்கம் இருந்தால் பொத்தானின் பேட்டரி தீர்ந்தது தெரிந்துவிடும். கார் இருக்கும் வீடுகளில் ரிமோட் சாவியைக் கட்டில் பக்கத்தில் வைத்தால் அதன் அலாரமும் இதே வேலையைச் செய்யும்.

மூன்றாவது கதவு. தாழ்ப்பாளின் பலம் தாழ்ப்பாளில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவில் இருக்கிறது. கூடவே கிடைக்கும் அரை அங்குல ஸ்க்ரூவையே அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தோளால் இரண்டு இடி இடித்தால் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். கதவு நிலையில் தண்டை வாங்கிக்கொள்ளும் துண்டு இருக்கிறதே, அதற்காவது ஒன்றரை, இரண்டு அங்குல ஸ்க்ரூ மாற்றுங்கள். நல்ல தேக்கு நிலையில் துளை போடாமல் முறுக்கினால் ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிடும் அல்லது மரம் வெடிக்கும். 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் முதலில் வழித்துளை போட்டு, ஸ்க்ரூவின் மரையில் கொஞ்சம் சோப்புத் தடவினால் சுலபமாக இறங்கும். அடுக்குமாடி வீடுகளில் உள்ளே கூடான பிளஷ் கதவு என்றால் எவ்வளவு நீள ஸ்க்ரூவும் பிடிக்காது. கதவை ஊடுருவித் துளைத்து நட்டு-போல்ட் போட ஆசாரியிடம் சொல்ல வேண்டும்.

மேல் தாழ்ப்பாளுக்கு இன்னொரு சோதனை. தண்டின் நுனியில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்து, தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பாருங்கள். சாக்பீஸ் எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறதோ அவ்வளவுதான் தண்டு நிலைக்குள் போகிறது. குறைந்தது 2 சென்டிமீட்டர் வேண்டும். பெயின்ட்டும் தூசியும் அடைத்த துளையில் அரை சென்டிமீட்டர்கூடப் போகாமல் நுனியில் தொற்றிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர்களோ பூட்டிய நிம்மதியில் தூங்குவார்கள். துளையை பிட்டால் மறுபடி ஆழப்படுத்தினால் போதும்.

வாடகை வீட்டில் கதவைத் துளைக்க முடியாதவர்கள் மர ஆப்பு ஒன்று செய்துகொள்ளலாம். உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்குத்தான் இது பயன்படும். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் நிற்காது. 15 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலம், தடித்த முனையில் 3 சென்டிமீட்டர் உயரம், மறுமுனை காகிதம் போல ஒல்லி. நீளம் உயரத்தைப் போல ஐந்து மடங்கு இருப்பதுதான் முக்கியம். குட்டையாகவும் செங்குத்தாகவும் வெட்டினால், தள்ளும்போது ஆப்பு இறுகாமல் பின்னால் வழுக்கிவிடும். நம் வீடுகளில் இப்போது எங்கும் வழவழ டைல்ஸ் என்பதால் வெறும் மரம் சறுக்கும். சைக்கிள் டியூப் ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி, ஆப்பின் அடிப்பக்க அளவுக்கு வெட்டி, பஞ்சர் ஒட்டும் பசையால் ஒட்டுங்கள். இரண்டு பரப்பிலும் பசை தடவி ஐந்து நிமிஷம் காயவிட்டு ஒட்டினால்தான் பிடிக்கும். போடுவதற்கு முன் அந்த இடத்து டைல்ஸைத் துடைக்க வேண்டும். கோலமாவு தூளோ ஈரமோ இருந்தால் ரப்பரும் பயனற்றது. ஒல்லி முனையைக் கதவுக்கடியில் செருகிக் காலால் ஒரு தட்டு தட்டி, வெளியிலிருந்து ஒருவரைத் தோள்கொடுத்துத் தள்ளச் சொல்லிப் பாருங்கள். கேஸ் கசிந்தாலோ தீப்பிடித்தாலோ உள்ளேயிருந்து உடனே எடுக்க வேண்டுமே, அதற்குத் தடித்த முனையில் துளை போட்டு ஒரு முழக் கயிறு கட்டி வைக்க வேண்டும், இழுத்தால் வந்துவிடும். ஆப்பின் மேலே கதவோரமாக இரண்டு எவர்சில்வர் டம்ளரை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து வைத்தால் கதவு அசைந்ததும் விழுந்து எழுப்பும்.

வெளியே போகிறவர்களுக்கு டார்ச்சும் குடையும். செல்போன் வெளிச்சம் வழி பார்க்க மட்டும். 200 லூமனுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேலுள்ள கைடார்ச் இருட்டில் கண்ணில் பட்டால் சில வினாடி எதிராளிக்கு ஒன்றும் தெரியாது. உடம்புக்கு நேராகப் பிடிக்காமல் கையைப் பக்கவாட்டில் விலக்கிப் பிடித்து, கண்ணில் இரண்டு வினாடி அடித்து, அணைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு விலகி நடையைக் கட்ட வேண்டும். அப்படியே அடித்துக்கொண்டு நின்றால் வெளிச்சமே நாம் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பகலில் இது ஒன்றுக்கும் ஆகாது.

மடக்குக் குடையை நம்ப வேண்டாம், குத்தினால் அதன் தண்டு உள்ளே மடிந்துவிடும். வளைந்த கைப்பிடியுள்ள நீளக் குடைதான் சரி. சிலம்பம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஒரு கை பிடியில், ஒரு கை நடுத்தண்டில். வீசக் கூடாது, வீச்சைப் பிடித்துவிடுவார்கள். நெஞ்சை நோக்கி நேராக ஒரு குத்து, உடனே பின்னிழுப்பு, பிறகு ஓட்டம். பாய்ந்து வரும் தெருநாயின் முன்னால் குடையைப் படாரென்று விரித்துப் பிடித்தாலும் இடைவெளி கிடைக்கும்.

பஸ்ஸில் ஊக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் பாட்டிகள் காலத்திலிருந்து புடவை ஊக்குதான் நெரிசலில் உரசுகிற கைக்குப் பதில். அது பலன் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பிரேக் போட்டால் அந்த ஊக்கு பக்கத்தில் நிற்கும் குழந்தையின் கன்னத்தில் இறங்கலாம். பையை இடுப்புக்குப் பின்னால் தடுப்பாக வைத்து, முழங்கையை மடக்கி இடம் பிடித்துக்கொண்டு, ‘கையை எடு’ என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி ஒரே குரலில் சொல்வது அதைவிடச் சீக்கிரம் வேலை செய்கிறது. பொதுவாக ‘காப்பாத்துங்க’ என்றால் ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்ப்பார்கள். ‘நீலச் சட்டை அண்ணே, நீங்க 112-க்கு போன் போடுங்க’ என்று ஒருவரைச் சுட்டிச் சொன்னால் அவர் அசைவார். 2022-இல் திருத்திய தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள்படி, தொல்லை தருகிறவனை நடத்துநர் இறக்கிவிடவும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும் முடியும். இது தெரிந்து கேட்கிறவரிடம் நடத்துநரும் தட்டிக்கழிக்க மாட்டார்.

செயின் பறிப்பில் மட்டும் எந்தக் கருவியும் வேண்டாம். செயினைப் பிடித்துக்கொண்டால் கழுத்து அறுபடும், பைக்கோடு இழுபட்டுத் தலை தரையில் மோதும். கைப்பையைக் குறுக்காக மாட்டாமல், சாலைக்கு எதிர்ப்பக்கத் தோளில் தொங்கவிட்டால் இழுக்கும்போது கழன்று போகும். போகட்டும். வண்டி எண்ணைப் பார்த்துச் சத்தமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருங்கள், மறக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கலாம், தன் பொருளையும் பிறர் பொருளையும் காக்கலாம். தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்கிறது 37-ஆம் பிரிவு. தாக்கப்படுகிறவர் தராசு வைத்து நிறுத்துப் பார்த்துத் திருப்பி அடிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் உடலுக்கு ஆபத்து என்ற அச்சம் நீங்கியதும் இந்த உரிமையும் நின்றுவிடும். திருடன் முதுகைக் காட்டி ஓடிய பிறகு, அல்லது பிடித்துக் கம்பத்தில் கட்டிய பிறகு அடிக்கிற ஒவ்வோர் அடியும் அடித்தவர் மேல் வழக்காகும். ஊர்கூடி அடித்துக் கொல்கிற செய்திகளும் தங்கள் பக்கங்களில் வரத்தான் செய்கின்றன.

செல்போனிலும் ஒரு வேலை பாக்கி. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தாலும், ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்தினாலும் அவசர அழைப்பு போகும். சில போனில் மூன்று அழுத்து, சிலவற்றில் ஐந்து. செட்டிங்ஸில் எமர்ஜென்சி என்று தேடினால் உங்கள் போனில் எத்தனை என்று இருக்கும். பாட்டியின் போனில் பேரப்பிள்ளைகள் இதை இன்றைக்கே பார்த்து, அழைப்பு போக வேண்டிய உறவினர் எண்ணையும் பதிந்து கொடுக்கலாம். பெண்களுக்கு 181, முதியவர்களுக்கு 14567 என்ற உதவி எண்களைக் கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் ஒட்டி வைப்பதும் நல்லது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிளகாய், சாவி, கரப்பான் மருந்துக் குறிப்பை இணைப்பின் அடுத்த இதழிலேயே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கண்ணில் மிளகாய் விழுந்தால் 15 நிமிஷம் கழுவும் முறையையும், பெல் பொத்தானுக்கு மூடி வளையம் ஒட்டுவதையும், தாழ்ப்பாள் தண்டில் சாக்பீஸ் தேய்த்துப் பார்ப்பதையும் படம் வரைந்து போடுங்கள். படமாக வந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெரியவர்களும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தற்காப்புப் பயிற்சி ஆசிரியைகள் சிலர்,
மதுரை.